மடியில் கத்தி இருந்தால் வழியில் பயம் போகுமா?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. பணத்தை மடியில் கட்டிக்கொண்டு இருட்டில் நடப்பவனுக்கு ஒவ்வொரு புதரும் கள்ளனாகத் தோன்றும்.

அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சிலர் மடியில் இன்னொரு கனத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுதான் மடக்குக் கத்தி.

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சட்டைப் பையிலோ கைப்பையிலோ கிடந்தால் வெளியே தெரியாது. கட்டைவிரலால் நெம்பினால் 'சடக்'கென்று அலகு வெளியே வரும். சந்தைக் கடைகளிலும் விற்கிறார்கள்; வீட்டில் இருந்தபடி கைப்பேசியில் எழுதிப் போட்டாலும் தபாலில் வந்துவிடுகிறது.

இரவு வேலை முடிந்து தனியே திரும்பும் பெண், வசூல் பணத்துடன் மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரி, நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கும் லாரி டிரைவர், வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் மகள் - இவர்களுக்கெல்லாம் "ஓர் ஆபத்துக்கு உதவும், வைத்துக்கொள்" என்று யாராவது ஒருவர் இந்தக் கத்தியைச் சிபாரிசு செய்கிறார்.

உண்மையில் உதவுமா? அல்லது உபத்திரவத்தில் கொண்டுபோய் விடுமா? இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம்.

பேனா சீவிய கத்தி

மடக்குக் கத்தி நேற்றுப் பிறந்தது அல்ல. ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஸ்டாட் என்ற இடத்தில் எலும்புக் கைப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. அது சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தியது. ரோமானியர்களும் மடக்குக் கத்தி வைத்திருந்தார்கள்.

நம் ஊரில் இதைப் 'பேனாக்கத்தி' என்றும் சொல்வார்கள். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? இரும்பு முள் வருவதற்கு முன்னால் மேல்நாட்டில் பறவை இறகைச் சீவித்தான் எழுதினார்கள். எழுத எழுத முனை மழுங்கும். மறுபடியும் சீவவேண்டும். அதற்காக எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு சிறு கத்தியைப் பையில் வைத்திருந்தார்கள். இறகுப் பேனா போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

1890-ல் பிரான்சு நாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் மரக் கைப்பிடி போட்ட மடக்குக் கத்தியைச் செய்தார். குடியானவர்கள் ரொட்டி நறுக்கவும் கிளை வெட்டவும் அதை வாங்கினார்கள். 1891-ல் கார்ல் எல்சனர் என்பவர் சுவிட்சர்லாந்து ராணுவத்துக்கு மடக்குக் கத்தி கொடுத்தார். அதில் வெட்டும் அலகோடு தகர டப்பா திறக்கும் கருவி இருந்தது, திருப்புளி இருந்தது, துளை போடும் ஊசியும் இருந்தது. துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் டப்பா உணவைத் திறக்கவும் அது பயன்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். போர்வீரனுக்குக் கொடுத்த மடக்குக் கத்தியே சண்டை போடுவதற்கு அல்ல. சாப்பாட்டு டப்பா திறப்பதற்கு!

ராம்பூர்க் கத்தி

சண்டைக்கென்றே பெயர் வாங்கிய மடக்குக் கத்தியும் இந்தியாவில் உண்டு. அது உத்தரப் பிரதேசத்தில் உள்ள ராம்பூரில் பிறந்தது. முன்னாளில் நவாபுகள் ஆண்ட ஊர் அது. அங்கே செய்த கத்திகளில் அலகு 9 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை நீண்டிருக்கும். பழைய இந்திச் சினிமாவில் வில்லன் பையிலிருந்து ராம்பூர்க் கத்தியை எடுத்து விரித்தால் கொட்டகையே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

அந்தப் புகழே அதற்கு எமனாயிற்று. 1990-களில் உத்தரப் பிரதேச அரசு 4½ அங்குலத்துக்கு மேல் அலகு உள்ள கத்திகளுக்குத் தடை போட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. கைத்தொழிலாளிகள் வேறு வேலைக்குப் போனார்கள்.

2023-ல் ராம்பூரில் ஒரு நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்தில் ஒரு ராட்சதக் கத்தியைச் செய்து நிறுத்தினார்கள். ஊரின் பழைய பெருமைக்கு அது நினைவுச் சின்னம். பையில் போட்டுக்கொண்டு போக முடியாத கத்தி என்பதால் அதனால் யாருக்கும் ஆபத்தில்லை.

வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள்

கத்தி வேண்டும் என்கிறவர்கள் சொல்லும் நியாயம் என்ன?

முதல் நியாயம்: ஆபத்து வரும்போது போலீஸ்காரர் பக்கத்தில் இருக்கமாட்டார். கூப்பிட்டு அவர் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் தன்னைத் தானேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நியாயம்: தாக்க வருகிறவன் பலசாலி. அல்லது அவர்கள் நாலுபேர். மெலிந்த பெண்ணோ வயதானவரோ வெறுங்கையோடு என்ன செய்யமுடியும்? கத்தி இருந்தால் பலம் கொஞ்சமாவது சமமாகும்.

மூன்றாவது நியாயம்: கையில் ஒரு பிடிமானம் இருந்தால் மனத்தில் தைரியம் பிறக்கும். தைரியமாக நடப்பவரிடம் போக்கிரி வாலாட்டத் தயங்குவான்.

நான்காவது நியாயம்: தற்காப்புக்கு உதவாவிட்டாலும் நூறு வேலைக்கு உதவும். சாக்கு மூட்டையின் கயிற்றை அறுக்கலாம். பழம் நறுக்கலாம். விபத்தில் சிக்கியவரின் இருக்கைப் பட்டையை அறுத்து அவரை வெளியே எடுக்கலாம்.

இந்த எண்ணம் தனி மனிதர்களோடு நிற்கவில்லை. டில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அடுத்த மாதம், 2013 ஜனவரியில், மும்பையில் ஓர் அரசியல் கட்சி பெண்களுக்குச் சிறு கத்திகளை விநியோகம் செய்தது. 2017 ஜனவரியில் டில்லி மெட்ரோ ரெயிலில் காவல் பார்க்கும் மத்தியப் படை, பெண்கள் தற்காப்புக்காகச் சிறு கத்தி கொண்டுவந்தால் தடுப்பதில்லை என்று முடிவு செய்தது. அலகு 4 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

ஆகவே, கத்தி வேண்டும் என்பதை வெறும் முரட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் உண்மையான பயம் இருக்கிறது.

ஆனால் பயம் உண்மையாக இருப்பதால் மருந்தும் சரியாகிவிடுமா?

ஒன்றரை விநாடிக் கணக்கு

வேண்டாம் என்கிறவர்கள் முதலில் காட்டுவது கடிகாரத்தை.

அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்துப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் 1983-ல் ஒரு கணக்கை எழுதினார். 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்கும் ஆள் ஓடிவந்து தாக்க எத்தனை நேரம் ஆகும்? சுமார் ஒன்றரை விநாடி! பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்புத் துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும். 21 அடி என்பது பெரிய கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை உள்ள தூரம்.

போலீஸ்காரருக்கே இந்தக் கதி. அவர் ஆயுதம் இடுப்பில் தயாராகத் தொங்குகிறது. மடக்குக் கத்தியோ கைப்பையின் அடியில் கிடக்கிறது. அதன்மேல் சாவிக் கொத்து, கைக்குட்டை, சில்லறை, சாப்பாட்டு டப்பா எல்லாம் கிடக்கின்றன. பையைத் திறக்கவேண்டும். துழாவவேண்டும். எடுக்கவேண்டும். சரியான பக்கம் திருப்பவேண்டும். அலகை நெம்பி விரிக்கவேண்டும். அது பூட்டிக்கொண்டதா என்று பார்க்கவேண்டும்.

வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் நிதானமாகச் செய்தாலே நாலைந்து விநாடி ஆகும். இருட்டில், நெஞ்சு படபடக்க, கை நடுங்க, ஒருவன் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும்போது?

வழிப்பறிக்காரன் தூரத்தில் நின்று சவால் விட்டுவிட்டு வருவதில்லை. வழி கேட்பவன்போல் பக்கத்தில் வருகிறான். அல்லது பின்னால் வண்டியில் வந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிறான். அவன் போய்த் திருப்பம் தாண்டிய பிறகுதான் கத்தி இருப்பதே நினைவுக்கு வரும்.

வைத்திருந்தவர் கையையே வெட்டும்

சரி, எப்படியோ கத்தியை விரித்தாயிற்று. அப்புறம்?

மடக்குக் கத்தியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் அலகை ஒரு வில் மட்டுமே அழுத்திப் பிடித்திருக்கும். பென்சில் சீவ அது போதும். ஆனால் அதைக் கொண்டு குத்தினால், அலகு எதிரே முட்டிய வேகத்தில் பின்னுக்கு மடங்கும். மடங்கும் இடத்தில் இருப்பது குத்தியவரின் விரல்கள்.

இன்னொரு ஜாதியில் பூட்டு உண்டு. ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் அலகின் அடியில் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். அதைத் திருகினால் அலகு மடங்காது. வேறு கத்திகளில் கைப்பிடிக்குள் இருக்கும் தகடு அலகைத் தாங்கும். ஆனால் மலிவுக் கத்திகளின் பூட்டை நம்பமுடியாது. தகடு தேய்ந்திருந்தாலும் தூசி அடைந்திருந்தாலும் அழுத்தம் தாங்காமல் விட்டுவிடும்.

அன்றியும், பெரும்பாலான மடக்குக் கத்திகளில் கைக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு இல்லை. வாளில் இருப்பதுபோல் குறுக்குப் பிடி கிடையாது. வியர்வையிலோ ரத்தத்திலோ பிடி வழுக்கினால் கை நேரே அலகின்மேல் சறுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, எதிரி கத்தியைப் பிடுங்கிவிடுவது. அவன் வெறுங்கையோடு வந்தவனாக இருக்கலாம். பணத்தைப் பறித்துக்கொண்டு போக வந்தவனாக இருக்கலாம். இப்போது அவன் கையில் ஆயுதம் இருக்கிறது. அதை அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் யார்?

சிறு கத்தி, பெரிய காயம்

"உயிருக்கா குறி வைக்கப் போகிறேன்? கையிலோ தொடையிலோ லேசாகக் கீறிவிட்டு ஓடிவிடுவேன்" என்று பலர் நினைக்கிறார்கள். இது சினிமா கற்றுக்கொடுத்த பாடம். உடம்பின் பாடம் வேறு.

வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் 2 லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். தொடையின் உட்புறத்தில் ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் சில நிமிடங்களில் மனிதன் இறக்கக்கூடும். 3 அங்குல அலகு அந்தக் குழாயை எட்டும். மார்பில் பட்டால் நுரையீரலை எட்டும். வயிற்றில் பட்டால் குடலை எட்டும். தோலில் தெரிவது ஒரு சிறு வாய்தான். உள்ளே நடப்பது வெளியே தெரியாது.

அப்படியானால் எதிரி உடனே விழுந்துவிடுவானா? அதுவும் இல்லை. ஆத்திரத்தில் இருப்பவனுக்கு வலி உடனே உறைக்காது. குத்துப்பட்ட பிறகும் பல விநாடிகள், சில சமயம் பல நிமிடங்கள்கூட, அவன் நின்று சண்டை போடுவான்.

கத்தியின் பெரிய குறை இதுதான். தடுக்கவேண்டிய நேரத்தில் அது ஆளைத் தடுக்காது. சண்டை முடிந்து, கோபம் ஆறி, எல்லாரும் நின்ற பிறகு அது ஆளைக் கொன்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1878-ல் வெள்ளைக்கார அரசாங்கம் இந்தியர்கள் ஆயுதம் வைத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதன் இடத்தில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது அதுதான்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ அலகு உள்ள கத்திகள் அதில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்த கத்திகள் அதில் சேரா. ஆகவே அரிவாள்மனைக்கும் கதிர் அரிவாளுக்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை.

"என் கத்தி 3 அங்குலம்தான். எனக்குக் கவலை இல்லை" என்று இருந்துவிடலாமா? கூடாது. குறிப்பிட்ட பகுதிக்குக் குறிப்பிட்ட ஆயுதங்களைத் தனி அறிவிப்பு மூலம் கட்டுப்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது. டில்லியில் 1980-ல் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி, வில்லால் விரியும் கத்தி முதலியவற்றில், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாடு உண்டு. 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம்.

இந்த அறிவிப்பின்படி டில்லியில் ஒருவர்மேல் போட்ட கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2025 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அந்த அறிவிப்பு கத்தி செய்வதையும் விற்பதையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும் பற்றியது. இவர் விற்க வைத்திருந்ததாகக் குற்றப் பத்திரிகையில் இல்லை என்று நீதிபதிகள் கேஸை ரத்து செய்தார்கள். அவர் தப்பினார். ஆனால் ஒரு கத்திக்காக அவர் ஏறவேண்டி வந்தது நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டின் படி!

கலவரக் காலத்தில் போடும் தடை உத்தரவும் உண்டு. முன்பு இதை 144 என்பார்கள். 2024 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் வந்த பிறகு அது 163-ஆவது பிரிவு. அந்த உத்தரவில் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்று இருந்தால் நிலைமை மாறிவிடும். சீக்கியர்கள் அணியும் கிர்பானுக்கு மட்டும் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவே இடம் கொடுத்திருக்கிறது. அது அவர்கள் மத அனுஷ்டானத்தின் பகுதி.

விமானத்தில் விதி இன்னும் கடுமை. ஒரு காலத்தில் அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைந்த கத்தியைப் பயணிகள் கையோடு கொண்டுபோக அனுமதி இருந்தது. 2001 செப்டம்பர் 11-ந் தேதி விமானங்களைக் கடத்தியவர்கள் பயன்படுத்தியது சிறு கத்திகளைத்தான். அதன்பின் உலகமே விழித்துக்கொண்டது. இந்தியாவிலும் கைப்பையில் கத்தி இருந்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சரக்கோடு போகும் பெட்டியில்தான் வைக்கவேண்டும்.

இங்கிலாந்தின் சட்டம் ஒரு விசித்திரம். அங்கே 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைப் பையில் வைத்திருப்பது குற்றம் அல்ல. ஆனால் "எதற்கு வைத்திருக்கிறாய்?" என்று போலீஸ்காரர் கேட்கும்போது "யாராவது அடிக்க வந்தால் குத்துவதற்கு" என்று பதில் சொன்னால், அதே கத்தி தாக்கும் ஆயுதம் ஆகிவிடும். 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆப்பிள் நறுக்க வைத்திருந்தால் கருவி. ஆளைக் குத்த வைத்திருந்தால் ஆயுதம். இரும்பு ஒன்றுதான், எண்ணம்தான் வேறு.

தற்காப்பு உரிமையும் அதன் எல்லையும்

தன் உயிரையும் பிறர் உயிரையும் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை உள்ள பிரிவுகள் இதைச் சொல்லின. இப்போது அவை பாரதிய நியாய சம்ஹிதையில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகளாக இருக்கின்றன.

உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்ற சந்தர்ப்பங்களில் தாக்க வந்தவனின் உயிர் போனாலும் சட்டம் மன்னிக்கும். உயிருக்குப் போராடுகிறவர் தம் அடியைத் தராசில் நிறுத்துப் போடமுடியாது என்பதை நீதிபதிகளும் பல தீர்ப்புகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் எல்லைக் கோடும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும்.

ஒருவன் கன்னத்தில் அறைந்தான் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கத்தியை உருவி வயிற்றில் குத்தினால் அது தற்காப்பு ஆகாது. அடிக்க வந்தவன் கத்தியைக் கண்டு பயந்து ஓடுகிறான். துரத்திப் போய் முதுகில் குத்தினால் அதுவும் தற்காப்பு ஆகாது. அப்போது துரத்தியவர்தான் குற்றவாளி. ஆயுதத்தால் சாதாரணக் காயம் ஏற்படுத்தினாலே 3 ஆண்டு வரை சிறை உண்டு. கொடுங்காயம் என்றால் ஓராண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம்.

இன்னொன்று: "தற்காப்புக்காகத்தான் செய்தேன்" என்று காட்டவேண்டிய பொறுப்பு அதைச் சொல்கிறவருடையது. அப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் போதும் என்பது உண்மை. ஆயினும், முன்கூட்டியே கத்தியோடு போனவரைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எதிரி இருட்டில் இல்லை

கத்தி வாங்கிக் கொடுக்கும் தகப்பனார் மனத்தில் ஓர் உருவம் இருக்கிறது. இருட்டுச் சந்தில் நிற்கும் முகம் தெரியாத முரடன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவினன், அக்கம்பக்கத்தான், நண்பன், வேலை கொடுத்தவன் - இப்படி. நம்பி வீட்டுக்குள் விட்டவனிடம் கைப்பைக் கத்தி என்ன செய்யும்? "மாமா நடத்தை சரியில்லை" என்று பெண் சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேட்கும் தாய்தான் அங்கே கேடயம்.

இளைஞர்கள் விஷயத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முரடனுக்காக வாங்கிய கத்தி முரடன் வரும்வரை சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் இடத் தகராறு, விளையாட்டு மைதானத்தில் வாய்ச் சண்டை, கடையில் சில்லறைத் தகராறு என்று தினமும் ஏதாவது வருகிறது. பையில் கத்தி இல்லாவிட்டால் நாலு வசவோடும் ஒரு தள்ளோடும் முடிந்துபோகும் சண்டை அது. பையில் இருந்தால் கை அங்கே போகிறது. ஒரு வீட்டில் சாவு. ஒரு வீட்டில் சிறை. இரண்டு தாய்மார் அழுகிறார்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். பொத்தான் போட்ட எந்தச் சாமானும் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்தான்.

வேறு வழி என்ன?

கத்தி வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. ஆபத்துக்கு உதவும் வழிகள் இருக்கின்றன.

பணத்தையோ பொருளையோ மட்டும் கேட்டால் கொடுத்துவிடுவதே புத்தி. பையை ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடலாம். சங்கிலியை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம்.

குரல் ஒரு பெரிய ஆயுதம். எடுக்க நேரம் ஆகாது. யாரும் பிடுங்கவும் முடியாது. அடிவயிற்றிலிருந்து கத்தினால் போக்கிரி பாதி பயந்துவிடுவான். வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தை நோக்கி ஓடவேண்டும். திறந்திருக்கும் டீக்கடையும் மருந்துக்கடையும் கோட்டைக்குச் சமானம்.

112 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போலீஸ் உதவி கிடைக்கும். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் உண்டு. இந்த எண்களை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்யவேண்டும். புறப்படும்போதும் சேர்ந்ததும் வீட்டுக்குச் சொல்லும் பழக்கம் வேண்டும்.

கண்ணெரிச்சல் உண்டாக்கும் பெப்பர் ஸ்பிரே குப்பி கடைகளில் கிடைக்கிறது. அதை விரிக்கவேண்டியதும் பூட்டவேண்டியதும் இல்லை. ஆளைத் திணற அடிக்கும். ரத்தக் காயம் உண்டாக்காது. ஆனால் காற்று எதிராக அடித்தால் தெளித்தவர் கண்ணிலேயே படும். விளையாட்டுக்கும் பழிவாங்கவும் தெளித்தால் அதற்கும் கேஸ் வரும்.

தற்காப்புப் பயிற்சி எடுத்துக்கொள்வது மிக நல்லது. அங்கே முதலில் கற்றுக்கொடுப்பது குத்துவதை அல்ல. பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு ஓடுவதைத்தான்.

தொழிலுக்கு வைத்திருப்பவர்களுக்கு

மின்சார வேலை செய்கிறவர், தோட்டக்காரர், மூட்டை பிரிப்பவர் இவர்களுக்கெல்லாம் மடக்குக் கத்தி இல்லாமல் முடியாது. அவர்கள் கவனிக்கவேண்டியவை சில:

சிறிய அலகு போதும். பொத்தானில் விரியும் கத்தி வேண்டாம். பூட்டு உறுதியாக இருக்கட்டும். வேலைக் கருவிகளோடு பெட்டியில் வைக்கவேண்டும். சட்டைப் பையில் வேண்டாம். வேலை முடிந்ததும் கத்தியும் பெட்டிக்குள் போகட்டும். திருவிழா, ஊர்வலம், கோர்ட்டு, பள்ளிக்கூடம், விமான நிலையம் போன்ற இடங்களுக்குப் போகும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். பேச்சு தடிக்கும்போது விளையாட்டுக்குக்கூட வெளியே எடுக்கக் கூடாது.

யாருக்காவது கத்திக் காயம் பட்டால், சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்துப் பலமாக அழுத்தவேண்டும். அழுத்திய கையை அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. கத்தி உடம்பில் சொருகியே இருந்தால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடைபட்டிருந்த ரத்தம் பீறிட்டு வரும். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்பக் கூடாது. 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நிறுத்துப் பார்த்தால்

தராசின் ஒரு தட்டில் தைரியம் இருக்கிறது. அது பெரும்பாலும் மனத்தில் மட்டும் இருக்கும் தைரியம். மற்றொரு தட்டில் ஒன்றரை விநாடி இருக்கிறது, மடங்கும் அலகு இருக்கிறது, பிடுங்கும் கை இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. எந்தத் தட்டு தாழ்கிறது என்று சொல்லவேண்டியதில்லை.

தற்காப்பு உரிமை கத்தியோடு வருவதல்ல. அது மனிதனோடு பிறந்தது. வெறுங்கையோடு நிற்பவருக்கும் அந்த உரிமை முழுசாக உண்டு. ஆபத்தில் கையில் அகப்படும் குடையோ செருப்போ கல்லோ எதுவானாலும் எடுத்து அடித்துவிட்டு ஓடலாம்.

பேனாக்கத்தியைப் பேனா சீவ வைத்துக்கொண்டால் அது நூறு வயது வரை உழைக்கும். ஆளுக்காக வைத்துக்கொண்டால், மடியில் இருந்த பழைய கனத்தோடு புதுக் கனம் ஒன்றும் சேரும். வழியில் பயம் குறையாது, இரட்டிப்பாகும்.